இடது காலுக்கு ஒரு தோத்திரம்

இதை நான் எழுதும் நேரத்தில் என் இடது கால் சன்னலோரச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதற்குக் காலுறை அணிவித்து, காலணியும் மாட்டி வைத்திருக்கிறாள் என் மனைவி எஸ்தர். வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள். பிறகு எதைப் பார்ப்பது என்று அறியாமல் தரையைப் பார்க்கிறார்கள். எனக்குக் கூச்சம் இல்லை, அவர்களுக்கும் வேண்டியதில்லை.

நீரிழிவால் கால் இழந்தவர்களுக்கும், இழக்க வேண்டியிருக்கும் என்ற சொல்லைச் சற்றுமுன் கேட்டுவிட்டு மருத்துவமனை இருக்கையில் அமர்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். குறிப்பாக, அவர்கள் கிறித்தவர்களாக இருந்து, "எதற்கும் தோத்திரம் சொல்லுங்க" என்று சுற்றி நிற்பவர்கள் கூறக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காகவே எழுதுகிறேன். நானும் பல்லைக் கடித்தேன். நன்றி செலுத்துவதையும் நிறுத்தவில்லை.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான், இருப்பு பாளையங்கோட்டை. பழைய மாணவர் சிலர் அழைத்ததால் அவர்களோடு கொற்கைக்குப் போயிருந்தேன். பாண்டியரின் கப்பல்கள் நின்ற இடத்தில் இன்று வயல். கடல் கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு விலகிவிட்டது. ஆனால் வரப்பை இலேசாகக் கிளறினாலும் சங்கின் உடைசல்கள் வெளிவரும். வெயிலேறும்வரை வரப்பு வரப்பாக நடந்தோம். என் மாணவர்கள், அவர்களே பேரப்பிள்ளை எடுத்தவர்கள், பாதத்தைத் தேய்த்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. அன்றைய குடும்ப செபத்தில், "இந்த வயதிலும் வலி அறியாத கால்களைத் தந்தீரே" என்று நன்றி செலுத்தினேன்.

மறுநாள் துணி துவைக்க எடுத்த எஸ்தர் முற்றத்திலிருந்து கூப்பிட்டாள்.

"இங்கன வாங்க. இந்த உறையில என்ன இது, மண்ணா ரத்தமா?"

என் காலணியைக் கவிழ்த்துத் தட்டினாள். சங்குச் சில்லு ஒன்று விழுந்தது. நகத்தளவுதான், ஒரு முனை ஊசியாக இருந்தது. என் இடது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, அதே வடிவில் ஒரு துளை. நாள் முழுவதும் அதன்மேல் என் முழு எடையையும் வைத்து நடந்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

எந்த வலியின்மைக்காக நன்றி செலுத்தினேனோ, அந்த வலியின்மையே என் நோய்.

களிம்பு தடவிச் சில நாள் வீட்டிலேயே இருந்தேன். விரல் கறுத்து, காய்ச்சல் வந்த பிறகே கிளம்பினோம். கிளம்புமுன் எஸ்தர் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிறித்தவ வீடுகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். சேர்ந்தது ஞாயிறன்று கோவிலுக்குப் போகும். அன்று வீட்டில் உலையே ஏற்றவில்லை. வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. எஸ்தர் மட்டும் அடுக்களைக்குத் திரும்பிப் போய், அரிசிப் பானையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் இட்டுவிட்டு வந்தாள்.

"இப்ப இது தேவையா?" என்றேன்.

"தேவை பாத்தா எடுக்கோம்?" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

பக்கத்திலேயே வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவமனை. காத்திருப்புக் கூடத்தில் என்னைப் போன்றோர் காலில் கட்டோடு வரிசையாக அமர்ந்திருந்தனர். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை; எல்லாரும் அடுத்தவர் காலையே பார்த்தோம். அறுவை மருத்துவர் ஒரு பெண், சுருக்கமாகப் பேசுபவர். தடித்த நைலான் இழை ஒன்றை எடுத்து, "கண்ணை மூடிக்கோங்க சார். பாதத்துல தொடும்போது சொல்லுங்க," என்றார். மூடிக்கொண்டேன். அவர் தொடங்குவார் என்று காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து, "தொடங்கலாமே அம்மா," என்றேன்.

"முடிச்சுட்டேன் சார்," என்றார்.

நீரிழிவு நெடுநாள் இருந்தால் பாதத்தின் உணர்வு நரம்புகள் மெல்லச் செத்துவிடுகின்றன என்பதை அப்போது விளக்கினார். ஒலியலைகளால் குருதியோட்டத்தை அறியும் டாப்ளர் சோதனையும் நடந்தது. முழங்காலருகே கருவி குதிரை ஓடுவதுபோல் ஒலித்தது. கணுக்காலுக்கு இறங்கியபோது அந்தக் குதிரை எங்கோ நின்றுவிட்டிருந்தது. குருதி போகாத இடத்தில் தசை அழுகும். அழுகல் மேலேறினால் நச்சு உடலெங்கும் பரவும். இவ்வளவுதான் என் நோயின் இலக்கணம்.

பக்கத்துக் கட்டிலில் தச்சநல்லூர்க்காரர் ஒருவர். சுடலைமுத்து அண்ணாச்சி என்று எல்லாரும் அழைத்தனர், வாழைத்தார் வணிகர். அவருக்கு ஏற்கெனவே இரு விரல்கள் போயிருந்தன.

"நீரு என்னத்த மிதிச்சீரு வே?" என்று முதல் நாளே கேட்டார்.

"சங்கு."

"பரவால்லயே. நான் மிதிச்சது பெப்சி மூடி. சொல்லிக்கிடவே வெக்கமா இருக்கு," என்றார்.

அழுகிய தசையை வெட்டிப் புண்ணைத் துப்புரவு செய்தார்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சனிக்கிழமை காய்ச்சல் தணிந்தது. பிழை அந்தச் சனிக்கிழமைதான் நிகழ்ந்தது.

எஸ்தரின் அண்ணன் ஞானதாஸ் எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர், நல்ல மனிதர். காய்ச்சல் இறங்கிய செய்தி கேட்டதும் அவர் உள்ளம் பொங்கிவிட்டது. கிடைத்தபின் நன்றி சொல்வது யாராலும் ஆகும், கிடைக்குமுன்னே சொல்வதே நம்பிக்கை என்று தங்கையிடம் எடுத்துரைத்தார். அவளும் காணிக்கை எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்கள் கோவிலில் ஞாயிறுதோறும் அறிவிப்பு நேரத்தில் நன்றிக் காணிக்கைகள் வாசிக்கப்படும்: மகளுக்குத் திருமணம் கூடியதற்காக, மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, அறுவை நலமாக முடிந்ததற்காக. அந்த ஞாயிறு, என் பெயர் சொல்லி, "இடது கால் பூரண சுகம் பெற்றமைக்காக" என்று எங்கள் குருவானவர் வாசித்தார். ஐயர் என்று ஊர் வழக்கில் அழைப்போம் அவரை. சபை முழுவதும் ஆமென் சொல்லியிருக்கிறது.

அதே ஞாயிறு, அதே முற்பகல், மருத்துவர் என் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மருத்துவர்கள் அமர்ந்தால் செய்தி நல்லதன்று என்பதை அதற்குள் கற்றிருந்தேன்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும் சார். இப்பவே எடுத்தா முழங்கால் தப்பும். செயற்கைக் கால் வச்சு நல்லா நடப்பீங்க. தள்ளிப்போட்டா முழங்காலும் போகும். அதுக்கு மேலயும் போனா, உங்களைக் காப்பாத்துறது என் கையில இருக்காது."

அவர் சென்று சற்று நேரத்தில் சபையே படியேறி வந்தது. ஆப்பிள், மட்டிப்பழம், கையில் பாட்டுப் புத்தகம். ஒருவர் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து என் வாயருகே நீட்டினார்.

"எனக்கு நீரிழிவு ஐயா."

"அதான் சுகமாயிட்டுல்லா சார்வாள்! ஒரு வாய் தின்னா ஒண்ணும் செய்யாது."

கோவிலிலிருந்து அவர்களோடு வந்த எஸ்தர் வாசலில் நின்றாள். மருத்துவர் கூறியதை அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை. எல்லாரும் சூழ நிற்க, வேறு வழியின்றி அப்போது சொன்னேன். அல்வாவை நீட்டிய கை அப்படியே நின்றது. பாடத் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினர். கடைசியாக நிறுத்தியவர் காது கேளாதவர்.

சுடலைமுத்து அண்ணாச்சி முழங்கையூன்றி எழுந்தார். "ஏன் வே, காலைல டாக்டரம்மா ஒண்ணு சொல்லுதாவ, மத்தியானம் உங்க ஆளுக வேற சொல்லுதாவ. இதுல யாரு சொல்லுதத அந்தக் கால் கேக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அன்று மாலை எஸ்தர், "வேண்டாங்க," என்றாள். "சபை முன்னால, ஆண்டவர் முன்னால சொல்லியாச்சு. இப்பப் போயி வெட்டுங்கன்னு கையெழுத்துப் போட்டா, நம்ம சொன்ன தோத்திரம் பொய்யாயிரும். அவரு செய்ய நெனச்சத நாமளே கெடுத்த மாதிரி ஆயிரும்."

ஞானதாசும் உடன் நின்றார். "ரெண்டு நாள் பொறுப்போம் மாப்ளே. விசுவாசத்துக்குச் சோதனை வரத்தான் செய்யும்."

"மச்சான், சோதனை விசுவாசத்துக்கு வரலை. என் காலுக்கு வந்திருக்கு," என்றேன்.

சட்டப்படி என் கையெழுத்தே போதும். ஆயினும் அவளுடைய 'வேண்டாம்' என்ற சொல்லின்மேல் என் பெயரை எழுத மனம் ஒப்பவில்லை. அவள் பயந்தது காலுக்காக மட்டும் அன்று. வாழ்நாள் முழுவதும் அவள் சொல்லிவந்த நன்றியனைத்தும் இந்த ஒன்றோடு பொய்த்துவிடுமோ என்று நடுங்கினாள். அந்த நடுக்கத்தைத் தீர்க்காமல் நான் ஒற்றைக்காலோடு வீடு திரும்பினால், அந்த வீட்டில் யார் எவரோடு செபிப்பது? இதற்கிடையில் காய்ச்சல் திரும்பியது. நாளைக் காலைக்குள் முடிவு வேண்டும் என்று சொல்லியனுப்பினார் மருத்துவர்.

அவ்வேளை எனக்குள் எழுந்தது சினம். நோயின்மேல் சினம், அல்வாவின்மேல் சினம், நன்றி என்ற நல்ல சொல்லைக் கண்கட்டும் துணியாக்கிவிட்ட எல்லார்மேலும் சினம். அவர்களில் முதலாமவன் நானே அல்லவா? கொற்கையிலிருந்து திரும்பிய நாளில், காலைப் பாராமலே காலுக்கு நன்றி சொன்னவன் நான். இறைவனுக்குப் புகழுரை தேவையில்லை. உண்மையைக் கண்டு அதன்மேல் நின்றுகொண்டு சொல்லும் நன்றியையே அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியும் என்று எனக்குப் பட்டது.

ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் எஸ்தர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்மூடித் தோத்திரம் முணுமுணுப்பாள். மறுநாள் காலை செவிலி தட்டோடு வந்தபோது சொன்னேன்: "எஸ்தர், இன்னைக்கு இங்கன திரும்பு."

"என்னால முடியாதுங்க."

"நீ தோத்திரம் சொல்லுத கால் இது. ஒரு தரமாவது பாத்துச் சொல்லு."

திரும்பினாள். பாதம் கரிக்கட்டையாக இருந்தது. கருமையின் விளிம்பு கணுக்காலைக் கடந்திருந்தது. நாற்றத்தை எழுதப்போவதில்லை, அதை அறிந்தவர்களுக்குத் தேவையில்லை, அறியாதவர்களுக்கு வேண்டாம். அவள் அழவில்லை. கட்டு முழுவதும் சுற்றி முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வெளியேறினாள். நான் சன்னல் வழியே தெரியும் ஆற்றுப்பாலத்தின் ஒரு துண்டையும், அதில் ஊரும் பேருந்துகளையும் பார்த்துக் கிடந்தேன். அவள் வராமலே போவாளோ என்றுகூட நினைத்தேன்.

வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கட்டில் விளிம்பில் அமர்ந்தாள்.

"பானையில இல்லாத அரிசியில பிடி எடுத்திருக்கேன்," என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"இத்தன வருசம் இருக்குத அரிசியிலதான எடுத்தேன்? புழுத்த அரிசின்னாலும் இருக்குததுல எடுத்தேன். நேத்து இல்லாததுல எடுத்துக் குடுத்திருக்கேன், பூரண சுகம்னு. அது அவருக்குக் குடுத்தது இல்ல. என்னய நானே ஏமாத்தினது." ஒப்புதல் படிவத்தை எடுத்து, "எங்கன கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

நான் போட்டேன். கீழே, சாட்சி என்ற இடத்தில், அவள் போட்டாள். போட்டபின், "ஆனா இதுக்கு நான் தோத்திரம் சொல்ல மாட்டேன். கால் போறதுக்கு என் வாயில வராது," என்றாள்.

"சொல்லாதே. எனக்கும் வராது. முழங்கால் தப்புதே, அது பானையில இருக்கு. அதுல எடு," என்றேன்.

அறுவைக்கு முன்னான இரவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அச்சம் இருந்தது. அதைத் துரத்தவில்லை. முழங்காலைக் கையால் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது, தொடுவது தெரிந்தது. அதற்கு நன்றி சொன்னேன். கணுக்காலைத் தொட்டேன், ஒன்றும் தெரியவில்லை. அதற்குச் சொல்லவில்லை. இப்படி உறுப்பு உறுப்பாக உள்ளதற்குச் சொல்லி, இல்லாததைக் கடந்து வந்தேன். நன்றிப் பயிற்சி என்று பெரியோர் சொல்வது என்னவென்று எனக்குப் புரிந்தது அவ்வளவே. இனிய உணர்ச்சி எதுவும் பொங்கவில்லை. ஆனால் அழுகல் என் காலைத் தின்றுகொண்டிருந்த அந்த இரவில், அதன் பல் எட்டாத ஓரிடம் எனக்குள் இருந்தது.

வெட்டிய உறுப்பை மருத்துவமனையே முறைப்படி அகற்றிவிடும். உறவினர் எழுதிக் கேட்டால் ஒப்படைப்பதும் உண்டு. நான் கேட்கச் சொன்னேன். கழிவோடு கழிவாக அது போகக்கூடாது. என்னைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கோவிலுக்கும் மணமேடைக்கும் கொண்டுபோன கால் அது.

ஐயர் தயங்கினார். "காலுக்குன்னு நம்ம ஒழுங்குல ஜெபமுறைமை ஒண்ணும் இல்லையே சார்."

"முறைமை வேண்டாம் ஐயரே. நன்றி மட்டும் சொல்லிப் புதைத்துவிடுங்கள்," என்றேன்.

சுமந்து சென்றவர் ஞானதாஸ். யாரும் கேட்கவில்லை; அவரே வந்து கை நீட்டி வாங்கினார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் என் தகப்பனார் கல்லறையின் காற்பக்கம் குழிவெட்டியவரும் அவரே. மாலையில் கைகளில் செம்மண்ணோடு வந்து என் கட்டிலருகே நின்றார்.

"ஐயர் சொல்லி முடிச்சதும் நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னுட்டாரு, மாப்ளே. எனக்கு ஒண்ணும் ஓடல. 'நல்லா நடந்துச்சு ஆண்டவரே'ன்னு மட்டும் சொன்னேன்." அவர் தூண்டிய அறிவிப்பைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மூன்று சொல்லில் அதற்கு விடை இருந்தது.

பக்கத்துக் கட்டில் சும்மா இருக்கவில்லை. "அப்ப எடம் பிடிச்சு வச்சாச்சு. துண்டு போட்டு வச்ச மாதிரி. இனி பைய வந்து படுத்துக்கிடலாம், அவசரமில்ல," என்றார் அண்ணாச்சி. தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

பிறகு வந்தது மாயவலி. இல்லாத உறுப்பு வலிப்பதை அப்படிச் சொல்கிறார்கள். மூளையில் காலின் வரைபடம் இன்னும் அழியாதிருப்பதே காரணமாம். இருந்தபோது சங்குச் சில்லையே உணராத பாதம், மண்ணுக்குள் போனபின் பெருவிரலில் குத்தத் தொடங்கியது. மருத்துவரிடம் சொன்னேன். மாத்திரை தந்தார், நிலைக்கண்ணாடி முன் வலது காலை அசைத்து மூளையை ஏமாற்றும் பயிற்சியும் சொல்லித் தந்தார்கள். வலி குறைந்தது, போகவில்லை. "அந்த வலியையும் ஒரு வரமா எடுத்துக்கிடுங்க சார்," என்றார் பார்க்க வந்த ஒருவர். எடுத்துக்கொள்ளமாட்டேன் என்றேன். வலி வலிதான். நான் அதற்கு நன்றி சொல்லவில்லை. அதற்கு முன்னால் நின்று நன்றி சொல்கிறேன். அது குறுக்கே பேசட்டும். நான் நிறுத்தப்போவதில்லை.

செயற்கைக் காலில் நடை பழகியதும் கோவிலுக்குப் போனோம். அதற்கு முந்தின நாள் எஸ்தர் ஐயர் வீட்டுக்குச் சென்று, அந்த அறிவிப்பைத் திருத்தி வாசிக்க வேண்டும் என்றாள். "எல்லாருக்கும் தெரியுமே அம்மா, விட்டுருவோம். சபைக்கும் சங்கடம்," என்றார் அங்கிருந்த மூப்பர் ஒருவர். "சபை முன்னால சொன்னது. சபை முன்னாலதான் திருத்தணும்," என்றாள். அவளுக்கு ஆதரவாகப் பேசியவர் ஞானதாஸ்.

ஐயர் வாசித்தார்: "இடது கால் சுகம் பெறவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அந்தக் கால் நடந்த நாட்களுக்காகவும், தப்பிய முழங்காலுக்காகவும், தோத்திரக் காணிக்கை." ஆமென் சொல்வதா என்று சபை ஒரு கணம் தயங்கியது. பிறகு எங்கோ பின்வரிசையிலிருந்து ஒரு குரல் சொன்னது. அதைத் தொடர்ந்து எல்லாரும் சொன்னார்கள். காணிக்கைத் தட்டு வரும்வரை நான் காத்திருக்கவில்லை. எழுந்து, தளத்தில் டக் டக்கென்று ஒலிக்க, பீடம்வரை நடந்து சென்று வைத்துவிட்டு வந்தேன். ஒலியைக் குறைக்க முயலவில்லை.

வெளியே ஒரு பெண்மணி எஸ்தரின் கையைப் பிடித்து மெல்லக் கேட்டார்: "அன்னைக்குப் பூரண சுகம்னு வாசிச்சாவளே அக்கா?"

"அன்னைக்குக் கண்ண மூடிட்டுச் சொன்னேன். இன்னைக்குப் பாத்துச் சொல்லுதேன்," என்றாள் எஸ்தர்.

இப்போது எங்கள் மாலைச் செபம் இப்படி நடக்கிறது. நான் கட்டிலில் அமர்ந்து வலது காலை நீட்டுவேன். எஸ்தர் விளக்கை அருகில் வைத்து, பாதத்தின் அடியையும் ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்ப்பாள். மருத்துவர் தந்த நைலான் இழை அவள் கையில் இருக்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

"தெரியுதா?"

"தெரிகிறது."

"தோத்திரம். இங்கன?"

"தெரிகிறது."

"தோத்திரம். இங்கன?"

தெரியவில்லை என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே அவள் தோத்திரம் சொல்வதில்லை. விளக்கை இன்னும் நெருங்கக் கொண்டுவந்து, அந்த இடத்தை நெடுநேரம் பார்க்கிறாள்.